மலாவி கிராமத்துக்குக் குடிநீர்: போர் போடும் முன் பழைய பம்பைப் பாருங்கள்

ஊர்ச் சங்கத்திலோ ரோட்டரியிலோ அலுவலக நண்பர்கள் வட்டத்திலோ பணம் திரட்டி, ஆப்பிரிக்காவில் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போர் போட்டுக் கொடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இப்போது அதிகம். நல்ல எண்ணம்தான். பணம் சேர்ந்ததும் எல்லோரும் கேட்பது, "எந்த ஊரில் போடலாம்?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "அந்த ஊரில் ஏற்கெனவே போட்ட பம்பு என்ன ஆயிற்று?"

ஏனென்றால் பெரும்பாலும் ஒன்று இருக்கும். சகாராவுக்குத் தெற்கே உள்ள 20 நாடுகளின் கணக்குகளைத் தொகுத்து ஊரக நீர் வழங்கல் வலையமைப்பு 2009இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அடிபம்புகளில் 36 விழுக்காடு வேலை செய்யவில்லை. பூமிக்கடியில் தண்ணீர் இருக்கிறது, துளை இருக்கிறது, மேலே இரும்பும் நிற்கிறது; தேய்ந்த ரப்பர் வாஷரை மாற்ற ஆளில்லாமல் ஊர்ப் பெண்கள் மறுபடி ஓடைக்கு நடக்கிறார்கள். நன்கொடையாளர் அங்கே வந்து, பழைய பம்பிலிருந்து நூறடி தள்ளிப் புதுத் துளை போட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறார். சில ஆண்டுகளில் அந்த ஊரில் நின்றுபோன பம்புகள் இரண்டு.

"ஆப்பிரிக்கா" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வழிகாட்ட முடியாது. பாறை வேறு, சட்டம் வேறு, பம்பு வேறு. ஆகவே மலாவியை எடுத்துக்கொள்கிறேன். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் நீளவாக்கில் கிடக்கும் சிறிய நாடு. அதன் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர்தான். மலாவி ஏரி அவ்வளவு பெரிது. ஆனால் மக்களில் பெரும்பாலோர் ஏரியிலிருந்து வெகுதூரத்தில், மேட்டுநிலக் கிராமங்களில் சோளம் விதைத்து வாழ்கிறவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் என்றால் அடிபம்புதான். சிச்செவா மொழியில் "ம்ஜிகோ".

முதலில் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள்

கிராமத்துக்கு நேராகப் போய் இறங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து "உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டால் எந்த ஊரும் "வேண்டும்" என்றுதான் சொல்லும். சொல்லிவிட்ட பிறகு பின்வாங்க முடியாது.

மலாவியில் 28 மாவட்டங்கள். ஒவ்வொன்றிலும் மாவட்டக் கவுன்சிலும் அதன்கீழ் நீர் மேம்பாட்டு அலுவலகமும் உண்டு. எந்த ஊரில் எத்தனை பம்பு, எது ஓடுகிறது, எது நின்றது என்ற பட்டியல் அங்கே இருக்கும். பழைய பட்டியலாகக்கூட இருக்கலாம்; ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அரசுக் கணக்கில் ஒரு பம்புக்கு 250 பேர். ஆயிரம் பேருக்கு ஒரே பம்பு இருக்கும் ஊரும் அந்தப் பட்டியலில் தெரியும், 250 பேருக்கு மூன்று பம்பு வாங்கிவிட்ட ஊரும் தெரியும். தார்ச்சாலை ஓரத்து ஊர்களுக்கே நன்கொடை திரும்பத் திரும்பப் போகும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது.

நீங்களே ஒரு அமைப்பைப் பதிவு செய்யலாமா என்றால், வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பதிவு, கவுன்சிலோடு ஒப்பந்தம், மாவட்டச் செயற்குழுவின் ஒப்புதல் என்று நீளும். அந்த மாவட்டத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிற ஓர் அமைப்போடு சேர்ந்துகொள்ளுங்கள். அவர்கள் ஐந்து வருடம் முன்பு போட்ட பம்புகளில் எத்தனை இன்று ஓடுகின்றன என்று கேளுங்கள். உடனே பதில் சொல்கிறவர்களோடு பேச்சைத் தொடரலாம்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு சொல். இங்கே பதிவான அறக்கட்டளையின் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால், நேரடி வரிகள் வாரியத்தின் முன் அனுமதி இல்லாமல் வருமான வரி விலக்கு கிடைக்காது. அன்னியச் செலாவணி விதிகள் அதற்கு மேல். ஒரு ரூபாய் வசூலிப்பதற்கு முன்னாலேயே ஆடிட்டரைப் பாருங்கள்.

கிராமத்துக்குப் போகும்போது வரிசை முக்கியம். வட்டாரப் பாரம்பரியத் தலைவர், அவருக்குக் கீழே ஊர்த்தொகுதித் தலைவர், அதற்குக் கீழே ஊர்த்தலைவர். சிச்செவாவில் தலைவரை "ம்ஃபூமு" என்பார்கள். பெண்களும் ம்ஃபூமுவாக இருப்பார்கள். வரிசையைத் தாண்டினால் வேலை நிற்காது. ஆனால் பின்னால் ஒரு சச்சரவு வரும்போது யாரும் உங்கள் பக்கம் பேச மாட்டார்கள்.

இருக்கிற பம்பைச் சோதியுங்கள்

இதற்குப் பொறியாளர் வேண்டாம். ஒரு கைக்கடிகாரமும் 20 லிட்டர் வாளியும் போதும்.

பம்பை அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். பிறகு அடித்து, எத்தனையாவது அடியில் தண்ணீர் வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்தாறு அடிக்குள் வந்தால் சரி. அதற்கு மேல் போனால், குழாயில் ஏறிய நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் அடி வால்வு கசிகிறது, அல்லது குழாய் இணைப்பில் ஓட்டை இருக்கிறது. அடுத்து, நிமிடத்துக்கு 40 முறை அடிக்கும் வேகத்தில் முழுத் தூரம் கைப்பிடியை இயக்கி, ஒரு நிமிடத்தில் வரும் தண்ணீரை அளக்கவும். நல்ல பம்பில் 15 லிட்டரோ அதற்கு மேலோ வரும். 10 லிட்டருக்குக் கீழே என்றால், "ஓடுகிறது" என்று பட்டியலில் இருந்தாலும் அதை ஓடுகிற பம்பாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

பிறகு ஊராரிடம் பேசுங்கள். கேட்க வேண்டியது பெண்களிடம், ஆண்கள் தள்ளி இருக்கும் நேரத்தில். வருடத்தில் எந்த மாதம் வறள்கிறது? தண்ணீர் சிவப்பாக வருகிறதா? உப்புக் கரிக்கிறதா? மணல் வருகிறதா? கடைசியாக எப்போது பழுதானது, யார் சரி செய்தார், எவ்வளவு கொடுத்தீர்கள்? இந்தப் பதில்களிலிருந்தே நோய் தெரிந்துவிடும். அக்டோபர் மாதம் மட்டும் வறண்டால் துளை ஆழம் போதவில்லை, அல்லது பிஸ்டன் இயங்கும் உருளை நீர்மட்டத்துக்கு மேலே தொங்குகிறது. மணல் வந்தால், நீர் உள்ளே வரக் கீறலிட்ட வடிகுழாயோ அதைச் சுற்றியுள்ள சரளைக்கல் உறையோ சரியில்லை. தண்ணீர் நன்றாக இருந்து பம்பு மட்டும் நின்றிருந்தால், அங்கே பழுது இரும்பில் மட்டும் இல்லை, பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க் கமிட்டியிலும் இருக்கிறது. அந்த ஊருக்குப் புதுப் போர் தேவையில்லை.

பழைய பம்பைச் சீர் செய்யும் செலவு புதுப் போரின் செலவில் ஒரு சிறு பகுதிதான். ஒரு போருக்குச் சேர்த்த பணத்தில் அந்த வட்டாரத்திலேயே பல பம்புகளை ஓடவைக்க முடியும். கல்வெட்டில் பெயர் வராது என்பது ஒன்றுதான் குறை. இந்தக் குறையால்தான் பலர் இதைச் செய்வதில்லை என்பது என் சந்தேகம்.

எந்த வழி, எந்தக் கருவி?

மலையடிவாரத்தில் வற்றாத ஓடை இருந்தால், மேலே தடுத்துக் குழாயில் இறக்கிவிடுவதே சிறந்தது. மோட்டார் வேண்டாம், டீசல் வேண்டாம். மலாவி இதில் முன்னோடி: 1968இல் முலாஞ்சே மலைப்பகுதியில் சாம்பே என்ற இடத்தில் தொடங்கி, ஊர்மக்களே பள்ளம் தோண்டிக் குழாய் புதைத்த புவியீர்ப்புத் திட்டங்கள் பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவின. மேலே உள்ள காடு அழிந்தால் ஓடையும் போய்விடும் என்பதையும் அதே திட்டங்கள்தான் காட்டின.

சமவெளியில் அந்த வசதி இல்லை. "டம்போ" என்று சொல்லும் ஈரப் புல்வெளிப் பள்ளங்களின் ஓரத்தில் ஆழமில்லாத கிணறு தோண்டலாம். செலவு குறைவு, கழிவு கலக்கும் அபாயம் அதிகம். ஊர் பெரிதாக இருந்து, துளையில் நீர் தாராளமாகச் சுரந்தால் சோலார் மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய் என்று போகலாம். ஆனால் அதை நடத்தச் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டும், பானலுக்குக் காவல் வேண்டும். முதல் திட்டத்துக்கே அதில் இறங்காதீர்கள்.

ஆக, பெரும்பாலோருக்கு மிஞ்சுவது ஆழ்துளையும் அடிபம்பும்தான். மலாவியில் இதற்கு அரசு வகுத்த தர பம்பு ஆஃப்ரிதேவ். 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவாகிச் சோதிக்கப்பட்டது. வடிவமைப்பு பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் இறைக்கும். இதன் சிறப்பு, உள்ளே இருக்கும் பிஸ்டனையும் அடி வால்வையும் மாற்றக் குழாய் முழுவதையும் வெளியே உருவ வேண்டியதில்லை என்பது. ஒரு ஸ்பேனர், அடி வால்வை எடுக்க ஒரு கொக்கிக் கம்பி. இரண்டு பெண்கள் ஒரு காலையில் முடித்துவிடுவார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த இந்தியா மார்க் 2 பம்பும் ஆப்பிரிக்கா முழுக்க நிற்கிறது. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதிக் கிணறுகளில் சோதிக்கப்பட்டு, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் தயாரான பம்பு அது. உகாண்டாவில் அதை "யூ 2" என்றே சொல்வார்கள். உறுதியான பம்பு, கைப்பிடியின் கனத்தைக் கண்டாலே தெரியும். ஆனால் "எங்கள் ஊர்ப் பம்பு" என்ற பாசத்தில் அதை மலாவிக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்குள்ள கடையில் எதற்கு வாஷர் கிடைக்கிறதோ, மெக்கானிக்குக்கு எது தெரியுமோ, அதுதான் நல்ல பம்பு. இன்னொன்றும் உண்டு. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் அமிலத்தன்மையுள்ள நிலத்தடி நீரில் அரித்துப்போகும். தண்ணீர் துருநிறமாகும். வெள்ளைத் துணி பழுக்கும், சோள மாவில் கிண்டும் ன்சிமா நிறம் மாறும். தண்ணீர் "கெட்டது" என்று மக்கள் ஓடைக்குத் திரும்பிவிடுவார்கள். இரும்பு பல நேரம் பாறையிலிருந்து வருவதில்லை, குழாயிலிருந்து வருகிறது. ஆஃப்ரிதேவில் பி.வி.சி. குழாய் என்பதால் அந்தத் தொல்லை குறைவு.

புதுமைக் கருவிகளைக் கண்டு மயங்க வேண்டாம். பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்ற பிளேபம்பு 2006இல் அமெரிக்காவில் பெரிய நிதி உறுதியோடு கொண்டாடப்பட்டது. மலாவி, மொசாம்பிக், சாம்பியா உள்ளிட்ட நாடுகளில் ராட்டினங்கள் முளைத்தன. சில இடங்களில் ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டே வைத்தார்கள். சொன்ன இலக்கான 2,500 பேருக்கு ஆளுக்குக் குறைந்தபட்சத் தண்ணீர் கொடுக்கவே பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு பத்திரிகைக் கணக்கு சொன்னது. கடைசியில் பள்ளி நேரத்தில் ராட்டினத்தைத் தள்ளியவர்கள் அம்மாக்களும் பாட்டிகளும்தான்.

இடம் பார்ப்பது

இங்கே தேங்காயை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் பார்க்கிறவர்கள் இருப்பதுபோல அங்கேயும் உண்டு. அவரை மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தை நிலநீர் வல்லுநரிடம் கொடுங்கள். அவர் வரைபடம் பார்த்து, சுற்றுப்புறத் துளைகளின் பதிவுகளைப் படித்து, நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து இரண்டு மூன்று புள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுப்பார்.

அந்தப் புள்ளிகளிலிருந்து ஊரார் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். சில விதிகள் மாறாதவை: கழிப்பறைக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் குறைந்தது 30 மீட்டர் தள்ளி, முடிந்தவரை அவற்றுக்கு மேட்டுப்பக்கம், வெள்ளம் நிற்காத இடம், வீடுகளிலிருந்து 500 மீட்டருக்குள். இடுகாட்டுத் தோப்புகளை விட்டு விலகியே இருங்கள். மலாவியில் அந்தத் தோப்பில் மரம்கூட வெட்ட மாட்டார்கள். ஊர்த்தலைவர் வீட்டு வாசலில் போட வேண்டாம் என்பதை நாசூக்காகச் சொல்வது உங்கள் மாவட்ட அலுவலரின் வேலை, உங்களுடையது அல்ல. நிலம் யாருடையதோ அவர் கையெழுத்தோடு, தலைவர் சாட்சியோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

துளையிடும் நாள்

மழை நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை நீடிக்கும். மழைக்காலத்தில் ரிக் வண்டி ஊருக்குள் வராது, வந்தால் போகாது. நீர்மட்டம் அடியில் கிடக்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலம்தான் உகந்தது. அப்போது கிடைக்கிற தண்ணீர் எப்போதும் கிடைக்கும். ஏப்ரலில் போட்டுத் "தண்ணீர் பீறிட்டது" என்று மகிழ்ந்த துளை அக்டோபரில் வறண்டுபோகக்கூடும்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை வேடிக்கை பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் மேல்மண்ணுக்கு மட்டும் கேசிங் இறக்கிவிட்டு, கீழே கடும்பாறையை வெறும் துளையாக நூற்றுக்கணக்கான அடி விட்டுவிடுவோம். பாறைப் பிளவில் தண்ணீர் வரும். மலாவி மேட்டுநிலத்தில் தண்ணீர் பெரும்பாலும் பாறைக்கு மேலே உள்ள சிதைந்த, மக்கிய அடுக்கில் இருக்கிறது. சுவர் நிற்காது. மேலிருந்து கீழ்வரை குழாய் இறக்கி, நீர் வரும் பகுதியில் கீறலிட்ட வடிகுழாய் வைத்து, சுற்றிலும் கழுவிய சரளை நிரப்ப வேண்டும். இதைச் சரியாகச் செய்யாத துளையில்தான் மணல் ஏறி, பம்பின் ரப்பர் ஒரு வருடத்தில் தேய்கிறது.

ஆகவே அன்று களத்தில் உங்கள் சார்பில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தே ஆக வேண்டும், முழு நேரமும், ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்காதவராக. அவர் செய்ய வேண்டியவை:

- ஒவ்வொரு மீட்டருக்கும் வெளிவரும் மண், கல் மாதிரியை வரிசையாக வைத்துப் பார்ப்பது.
- இறங்கும் ராடுகளை எண்ணி ஆழத்தைத் தானே கணக்கிடுவது. ரசீதில் உள்ள ஆழத்தை நம்பக் கூடாது.
- குழாய் இறங்குவதற்கு முன் எத்தனை சாதாக் குழாய், எத்தனை வடிகுழாய் என்று எண்ணுவதும் தடிமனை அளப்பதும். 110 மி.மீ. குழாய்க்குத் துளை 200 மி.மீ. அளவு இருந்தால்தான் சுற்றிலும் சரளை நிற்க இடம் இருக்கும்.
- மேல் சில மீட்டரைக் களிமண்ணாலும் சிமென்டாலும் அடைப்பதைக் கண்ணால் பார்ப்பது. மேலே உள்ள அழுக்குத் தண்ணீர் குழாய் ஓரமாக இறங்காமல் தடுப்பது இதுதான். பிறகு யாராலும் பார்க்க முடியாத வேலை. அதனாலேயே விட்டுவிடப்படும் வேலையும் கூட.
- காற்றால் ஊதித் துளையைக் கழுவுவது, தண்ணீர் தெளியும் வரை. ஒரு மணி நேரம் என்று கடிகாரம் பார்த்து நிறுத்துகிறவரை நிறுத்த விடாதீர்கள்.

"தண்ணீர் இல்லையேல் பணம் இல்லை" என்ற ஒப்பந்தம் கேட்க இனிக்கும். ஆனால் அதில் ஒப்பந்தக்காரர் கொஞ்சம் ஈரம் தென்பட்டதுமே "வெற்றி" என்று குழாயை இறக்கிவிடுவார். செய்த வேலைக்கு அளவுப்படி கூலி, வறண்ட துளைக்கும் ஒப்புக்கொண்ட தொகை, அதற்கென பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு. இதுதான் நேர்மையான ஏற்பாடு. ஒப்பந்தக்காரரிடம் தேசிய நீர்வள ஆணையத்தின் உரிமம் உண்டா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

துளை தயாரானதும் இறைத்துப் பார்க்கும் சோதனை. மோட்டாரை விட்டுச் சில மணி நேரம் ஒரே அளவில் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடிபம்புக்கு நொடிக்கு கால் லிட்டர் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 900 லிட்டர், 250 பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர் என்றால் 5,000 லிட்டர், பம்பை நாளுக்கு ஆறு மணி நேரம் அடித்தால் போதும். இதே பம்பில் ஆயிரம் பேர் வரிசை கட்டினால் இரவும் பகலும் அடித்தாலும் திணறும்.

தண்ணீரைச் சோதிப்பது

கண்ணாடி டம்ளரில் தெளிவாக இருப்பது சோதனை ஆகாது. குடிநீரில் 100 மி.லி.க்கு ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வேதிப்பொருள்களில் மலாவியில் கவனிக்க வேண்டியவை புளோரைடும் உப்பும். வெந்நீர் ஊற்றுகள் உள்ள பகுதிகளிலும் பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டிய இடங்களிலும் புளோரைடு மிகும். தெற்கே கீழ் ஷிரே ஆற்றுப் பகுதியில், சிக்வாவா, ன்சாஞ்சே மாவட்டங்களில் உப்பு. புளோரைடுக்கு உலக அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கறை படிந்த பற்களைப் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவு மீறினால், "வேறு வழியில்லை, இதையே கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். துளையை மூடிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

வேதிச் சோதனையை ஆய்வகத்தில் ஒருமுறை முழுமையாகச் செய்யுங்கள். கிருமிச் சோதனையைக் களத்திலேயே திரும்பத் திரும்பச் செய்யலாம். மலக்கழிவு கலந்தால் பாட்டிலில் உள்ள தாள் கறுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனை மலிவானது. 1982இல் குவாலியர் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்து ஆட்கள் எழுதிய கட்டுரையால் பரவியது. துல்லியம் குறைவு, ஆனால் ஊரார் கண்முன் தாள் கறுப்பதைப் போல வேறெதுவும் அவர்களை நம்ப வைக்காது. பம்பை மாட்டுவதற்கு முன்னும், ஒவ்வொரு பெரிய பழுதுக்குப் பின்னும் துளையில் குளோரின் ஊற்றி, ஓர் இரவு விட்டு, வாடை போகும்வரை இறைத்துக் கொட்ட வேண்டும்.

மேடை

சிமென்டு மேடை, அதைச் சுற்றி விளிம்பு, வழியும் தண்ணீருக்குச் சில மீட்டர் நீளக் கால்வாய், கடைசியில் உறிஞ்சுகுழி. கால்வாய் முடியும் இடத்தில் வாழை வைத்தால் சேறும் இருக்காது, குழுவுக்குக் கொஞ்சம் காசும் வரும். ஆடுமாடு வராமல் வேலி. துணி துவைக்கத் தனிக் கல்மேடை சற்றுத் தள்ளி. மணலும் செங்கல்லும் உழைப்பும் ஊரார் பங்கு. அதைக் காசாக மாற்றிக் கேட்காதீர்கள். சிமென்டுக்கு ஈரம் காய விடாமல் ஒரு வாரம் நனைத்த பிறகே பம்பை மாட்டுங்கள். திறப்பு விழாவுக்கு விருந்தினர் வந்துவிட்டார் என்று மூன்றாம் நாளே மாட்டிய மேடைகள்தான் முதலில் விரிசல் விடுகின்றன.

கமிட்டி, காசு, மெக்கானிக்

மலாவியில் ஒவ்வொரு பம்புக்கும் நீர்க்குழு உண்டு, வழக்கமாகப் பத்துப் பேர். தலைவர், செயலர், பொருளாளர், பராமரிப்பாளர்கள். "பாதிப் பேர் பெண்கள்" என்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் எழுதியிருப்பார்கள். எழுதிவிட்டு ஸ்பேனரை ஆண்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கே அந்த மண்ணின் உறவுமுறையைப் புரிந்துகொள்வது உதவும். நடுப்பகுதியிலும் தெற்கிலும் வாழும் செவா, யாவோ மக்களிடையே நிலம் தாய்வழி இறங்குகிறது. கல்யாணமானால் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் ஊருக்குக் குடிபோகிறார். மணமுறிவு வந்தால் அவர் கிளம்பிப் போய்விடுவார், கற்ற பயிற்சியோடு. அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே இருக்கப்போகிறவர் மனைவி. ஆகவே அந்தப் பகுதிகளில் பழுது பார்க்கும் பயிற்சியைப் பெண்களுக்குக் கொடுங்கள். பம்பு நின்றால் நடக்கப்போகிறவரும் அவர்தானே. வடக்கே தும்புகா மக்களிடம் வழக்கம் தலைகீழ். அங்கே மருமகள்தான் வெளியூர்க்காரி. ஒரே பயிற்சிக் கையேட்டை நாடு முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

காசு விஷயம். மாதாமாதம் வசூல் என்பது காகிதத்தில் அழகு. சோளம் அறுவடையாகும் ஏப்ரல், மே, ஜூனில் கையில் பணம் இருக்கும். ஜனவரியில் வீட்டில் மாவே இருக்காது. ஆகவே அறுவடை முடிந்ததும் ஆண்டுச் சந்தாவை மொத்தமாக வாங்கச் சொல்லுங்கள், தானியமாகக் கொடுத்தாலும் சரி. சில குழுக்கள் அதை ஊர்ச் சேமிப்புக் குழுவில், "பாங்கி ம்கொண்டே" என்பார்கள், வட்டிக்கு விடுகின்றன. எனக்கு இன்னும் பிடித்த வழி ஒன்று உண்டு: பணத்தைப் பணமாக வைக்காமல் உடனே உதிரிபாகமாக வாங்கி வைப்பது. 2023 நவம்பரில் டாலருக்கு 1,180 ஆக இருந்த மலாவி நாணயமான க்வாச்சா ஒரே அறிவிப்பில் 1,700 ஆனது. பெட்டியில் இருந்த சந்தாப் பணத்தின் மதிப்பு அன்று கரைந்தது. பெட்டியில் இருந்த ரப்பர் வாஷரின் மதிப்பு கரையவில்லை. ஆஃப்ரிதேவின் யூ-சீல், பாபின், ஓ-ரிங், கைப்பிடி புஷ் பேரிங். ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டியவை இவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கானதைத் திட்டச் செலவிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அவர்கள் வாங்கட்டும்.

கைப்பிடியையும் பிஸ்டனையும் இணைக்கும் ராடு உடைந்தாலோ குழாய் பிரிந்து உள்ளே விழுந்தாலோ ஊர்ப் பெண்களால் முடியாது. அதற்கு வட்டார மெக்கானிக் இருக்கிறார். சுற்றுவட்டத்துப் பம்புகளையெல்லாம் பார்த்து, ஒவ்வொரு பழுதுக்கும் கூலி வாங்குகிறவர். பம்பு நிறுவும் நாளன்றே அவரை வரவழைத்து, அவர் கையாலேயே பொருத்த வையுங்கள். கூலியை எல்லோர் முன்னிலையிலும் பேசி முடியுங்கள். அவருக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுப்பது நீங்கள் செய்யும் செலவுகளிலேயே பலன் மிகுந்ததாக இருக்கலாம்.

வாளியிலிருந்து வாய் வரை

2022 மார்ச்சில் மச்சிங்கா மாவட்டத்தில் தலைகாட்டிய காலரா, அடுத்த ஆண்டுக்குள் எல்லா மாவட்டங்களுக்கும் பரவி 1,700க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மலாவி வரலாற்றில் அவ்வளவு பெரிய காலரா இல்லை. பம்படியில் சுத்தமாக வந்த தண்ணீர், திறந்த வாளியில் தலையில் ஏறி, வீட்டில் கை விட்டு மொள்ளும்போது கெட்டுப்போகிறது. மூடியும் குழாயும் உள்ள வாளி, மொள்ள ஒரு குவளை, குடிக்க வேறொரு குவளை, பம்படியிலேயே பாத்திரம் கழுவும் பழக்கம். குளோரின் கலப்பதை ஊர்ச் சுகாதார உதவியாளர் கற்றுக்கொடுப்பார். அவர் அரசுச் சம்பளம் வாங்குகிறவர், உங்கள் திட்டம் முடிந்த பிறகும் அங்கே இருப்பார். கழிப்பறை இல்லாத வீடுகளின் பட்டியல் அவரிடம் இருக்கும். கொஞ்சம் பணம் மிஞ்சினால் அந்தப் பட்டியலில் செலவழியுங்கள்.

ஒப்படைத்த பிறகு

துளைப் பதிவு, இறைப்புச் சோதனை முடிவு, நீர்ச் சோதனை அறிக்கை, நில ஒப்பந்தம்: நான்கு தாள்கள். ஒரு பிரதி ஊர்க்குழுவுக்கு, ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு, ஒன்று உங்களுக்கு. பத்து வருடம் கழித்துப் பழுது பார்க்க வருகிறவருக்கு எத்தனை மீட்டரில் வடிகுழாய் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

மொத்த நிதியில் ஒரு பகுதியை, பத்தில் ஒரு பங்காவது, செலவழிக்காமல் மூன்றாம் ஆண்டுக்கு நிறுத்தி வையுங்கள். ஆறு மாதத்துக்கொருமுறை குழுவின் பொருளாளருக்கும் மெக்கானிக்குக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: அரை மணி விட்டு அடித்தால் எத்தனையாவது அடியில் வருகிறது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், பெட்டியில் என்ன இருக்கிறது? இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் அடுத்த ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். ஒத்துப்போகவில்லையென்றால் மாவட்ட நீர் அலுவலரை வாளியோடு ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்; அவருடைய வண்டிக்குப் பெட்ரோல் காசை அந்த நிறுத்தி வைத்த பணத்திலிருந்து கொடுங்கள்.